எட்டாங்கிளாஸும் எம்-த்ரீயும்

அந்தக் காலத்து எட்டாங்கிளாஸ் இந்தக் காலத்து எம்.ஏ.வுக்குச் சமம்னு டீக்கடை பெஞ்சுல ஆராச்சும் சொன்னா நம்பீராதே கண்ணு. சிரிச்சுட்டு, டீக்குக் காசையும் அவரையே குடுக்கச் சொல்லிப்போட்டு வா. அப்படிச் சொல்றவங்கள்ல முக்காலே மூணு வீசம் பேரு எட்டாங்கிளாஸ் வாசப்படியையே மிதிக்காதவங்க. நானு மிதிச்சவன். 1957-ல இ.எஸ்.எல்.சி.ங்கற எட்டாங்கிளாஸ் பரீட்சை பாஸ் பண்ணி, சர்ட்டிபிகேட்டைத் தகரப் பொட்டியில பூட்டி வெச்சேன். அந்தப் பொட்டி மேல உங்காத்தா புளிப்பானையைத் தூக்கி வெச்சுட்டா. படிப்புக்கு எங்க ஊட்டுல கெடைச்ச மரியாதை அவ்வளவுதான்.

நீ பி.இ. மெக்கானிக்கல். உந்தங்கச்சி கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல பதினொண்ணு. உங்கய்யன் பத்து பெயிலு. அதைச் சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான், உட்ரு. "ஏனுங்கப்பாரு, நீங்கெல்லாம் எங்களவுக்குப் படிச்சவங்களா?"ன்னு நேத்துப் பொழுதோட கேட்டயே, அது என்னைய மடக்கறதுக்குக் கேட்டதுன்னு தெரியும். இருந்தாலும் சொல்றேன். கரண்டும் இல்ல, உன்ற போன்லயும் சார்ஜ் இல்ல. இப்படி ஒரு நல்ல நேரம் இனி எப்ப வாய்க்குமோ?

மொதல்ல எங்க பக்கத்துப் புளுகை அவுத்துடறேன். நானு ஒண்ணாங்கிளாஸ்ல சேந்தப்போ முப்பது முப்பத்தஞ்சு உருப்படி மண்தரையில உக்காந்திருந்தோம். எட்டாங்கிளாஸ் பரீட்சைக்கு வண்டி கட்டிப் போனது நாலே பேரு. மீதிப் பேரு? ஒருத்தன் ஆட்டுக்குப் பொறகால போனான். ஒருத்தன் கோயமுத்தூர் மில்லுக்குப் போயி பஞ்சுத் தூசி முழுங்குனான். ரெண்டு பேரு தறிக்குழியில எறங்குனாங்க, கண்ணு மங்கற வரைக்கும் ஏறல. பொட்டப்புள்ளைக வயசுக்கு வந்தன்னைக்குச் சிலேட்டை வெச்சுட்டாங்க. ஊருக்கு வெளிய வளவுல இருந்து வந்த புள்ளைகளைப் பேருக்குச் சேத்தி, கடைசியில தனியா உக்காத்தி, தண்ணிப் பானையைத் தொடாதேன்னு சொல்லிச் சொல்லி, ரெண்டாங்கிளாஸ் தாண்டறதுக்குள்ள தானா நின்னுக்கும்படி பண்ணிட்டாங்க. சட்டம் அப்பவே வேற மாதிரித்தான் சொல்லுச்சு. சட்டம் எங்கூர் பஸ்ஸைத் தவற உட்டுருச்சு, அவ்வளவுதான்.

அந்த நாலு பேரைத்தான் இன்னைக்குப் பெஞ்சு மேல உக்காத்தி வெச்சு "பாத்தியா அந்தக் காலத்துப் படிப்பு"ங்கறாங்க. வெதைக்குப் பொறுக்கி எடுத்த நெல்லைக் கையில வெச்சுக்கிட்டு, உங்க களத்துல கெடக்கற மொத்தக் குவியலையும் பாத்து "பதரு எச்சா இருக்குது"ன்னு சொன்னா நாயமா? எங்க களத்துப் பதரெல்லாம் காத்துல போயி அறுபது எழுவது வருசம் ஆச்சு. அதுல பதரு எது, நெல்லு எதுன்னு தூத்திப் பாக்கவே இல்லையே!

1951-ல தலையெண்ணுனப்போ இந்த நாட்டுல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க 100 பேருக்கு 18 பேரு. பொம்பளைகள்ல 100-க்கு 9 பேருகூட இல்ல. 2011-ல நம்ம தமிழ்நாட்டுல மொத்தத்துல 80 பேரு, பொம்பளைகள்ல 73 பேரு. இதுக்கு மேல என்ன பட்டிமன்றம் வேணும்? நடுவரு சோடா குடிச்சுட்டு ஊட்டுக்குப் போலாம்.

ஆனா நம்ம ரிட்டயர்டு வாத்தியாரு உடமாட்டாரு. டீ ஆறுனாலும் சரி, மன்றோவை இழுக்காம எந்திரிக்க மாட்டாரு. மெட்ராஸ் கவர்னரா இருந்த தாமஸ் மன்றோ 1822-ல கலெக்டருங்களுக்கெல்லாம் உத்தரவு போட்டான்: உங்க சில்லாவுல எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை புள்ளைக, என்ன படிக்குது, எழுதி அனுப்புன்னு. 1826-ல எல்லாத்தையும் கூட்டிப் பாத்தா 12,498 பள்ளிக்கூடம். அதையெல்லாம் தரம்பால்ங்கறவரு 1983-ல புத்தகமாப் போட்டாரு. "வெள்ளைக்காரன் வாரதுக்கு முன்னாடியே வீதிக்கு வீதி பள்ளிக்கூடம்"னு வாத்தியாரு தொடையைத் தட்டுவாரு. நானும் "ஆமாங் வாத்தியாரே"ன்னு கேட்டுக்குவேன். கடைசியில ஒண்ணே ஒண்ணு கேப்பேன்: "புள்ளைக எத்தனைங்க?" 1,88,650. "சனம் எத்தனைங்க?" 1 கோடியே 28 லட்சம். வகுத்துப் பாரு, 68 பேருக்கு ஒருத்தன். அதுலயும் பொட்டப்புள்ளைகளைத் தேடித்தான் பாக்கோணும். ஊட்டுலயே படிச்ச புள்ளைகளைச் சேத்தா கொஞ்சம் கூடும்னு மன்றோவே எழுதியிருக்கான், அதையும் சொல்லிப்போடறேன். வகுத்தல் கணக்குப் போட்டன்னைக்கு மட்டும் வாத்தியாரு எனக்கு டீ சொல்றதில்ல.

அவரு சொல்றதுல பாதி நெசமும் இருக்குது. எழும்பூர் அநாதைப் புள்ளைக விடுதியில 1789 வாக்குல இருந்த ஆண்ட்ரூ பெல்லுங்கற பாதிரி, நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துப் புள்ளைக மணல்ல எழுதறதையும், தெரிஞ்ச பையன் தெரியாத பையனுக்குச் சொல்லிக் குடுக்கறதையும் பாத்து, 'மெட்ராஸ் முறை'ன்னு பேரு வெச்சுச் சீமைக்கே கொண்டு போயிட்டான். நம்ம சட்டாம்பிள்ளை லண்டனுக்குப் போயாச்சு. நாம மஞ்ச பஸ்ஸுல கான்வென்ட்டுக்குப் போறோம்.

திண்ணையில என்ன படிச்சாங்கன்னு எனக்கு எங்கப்பாருகிட்டத் தெரியும். எண்சுவடியைக் கண்ணை மூடிக்கிட்டு ஒப்பிப்பாரு. ஒண்ணை 320 கூறாப் போட்டா ஒரு கூறு முந்திரி. அந்த முந்திரியை மறுக்கா 320 கூறாப் போட்டா கீழ்முந்திரி. காணி, அரைக்காணி, மா, வீசம், அரைக்கால் எல்லாம் அவருக்கு நாக்கு நுனியில. முக்காலே மூணு வீசத்தை ரெண்டாப் பெருக்குன்னு உன்னையக் கேட்டா நீ போனைத் தேடுவே. போனுக்கு வீசம் தெரியாது. எங்கப்பாரு வெத்தலையை மடிச்சுக்கிட்டே "ஒண்ணே முக்காலே அரைக்கால்"னுவாரு. ஈரோட்டு மஞ்ச மண்டியில தரகருக்கும் யாவாரிக்கும் சண்டை வந்தா இவரைத்தான் கூப்பிடுவாங்க.

அப்பேர்ப்பட்ட மனுசன், ஒருக்கா நூறு ரூவா கடன் வாங்குனாரு. வட்டி வருசத்துக்கு எத்தனை, மாசத்துக்கு எத்தனை, நாளுக்கு எத்தனை காணின்னு மனசுலயே போட்டு வெச்சிருந்தாரு. ஆனா தாள்ல 'முன்னூறு'ன்னு எழுதியிருந்துச்சு. எழுதுனவன் படிச்சுக் காட்டுனது 'நூறு'. எண்சுவடி தெரிஞ்சவருக்கு எழுத்து வராது. கட்டைவெரல்ல மை தடவி அமுக்கிக் குடுத்தாரு. மேக்காலத் தோட்டத்துல ஒரு துண்டு பூமி அந்த வெரலோட போச்சு. இன்னைக்கு அங்க கல்யாண மண்டபம் நிக்குது. உங்கய்யன் கல்யாணத்துக்கு வாடகை குடுத்து அதே எடத்துலதான் சோறு போட்டேன்.

எனக்கு எழுத்து வந்துச்சு, எங்கப்பாரு கணக்கு வரலே. எங்க பள்ளிக்கூடத்துல ஷாஜகான் பட்டத்துக்கு வந்த வருசம் கேப்பாங்க. 1628. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். தப்பாச் சொன்னவனுக்குப் பொடனியில அடி. புரோநோட்டு மூணு வருசத்துல காலாவதி ஆயிரும், அதுக்குள்ள வரவு வெக்கோணும் இல்லீன்னா புதுப்பிச்சு எழுதோணும்னு ஒரு வாத்தியாருகூடச் சொல்லல. ஷாஜகானுக்கு நாங்க கடன் குடுத்திருந்தா ஒருவேளை சொல்லியிருப்பாங்க. மனப்பாடம் இப்பத்தான் வந்த சீக்குன்னு எவனாச்சும் சொன்னா, கோனார் உரை எப்ப வந்துச்சுன்னு கேளு. எங்க வாத்தியாரு மேசை டிராயர்லயே இருந்துச்சு.

1953-ல ராஜாஜி ஒரு திட்டம் கொண்டாந்தாரு. கிராமத்துச் சின்னப்புள்ளைகளுக்கு அரைநாள் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் அப்பன் தொழில். நானு அப்ப அஞ்சாங்கிளாஸ். எங்கய்யன் தொழிலு "மாட்டை ஓட்டிட்டுப் போடா"ன்னு சொல்றது. சொல்ற பாகத்தை அவரே வெச்சுக்கிட்டு, ஓட்டற பாகத்தை எனக்குக் கத்துக் குடுத்தாரு. ஊரெல்லாம் குலக்கல்வின்னு கொதிச்சு எந்திரிச்சு, அடுத்த வருசமே காமராஜர் வந்து அதைத் தூக்கிப் போட்டுட்டாரு. எனக்குச் சந்தோசம், மாட்டுக்கு எப்படியோ தெரியல. 1956-ல மதியச் சோறு போட்டாங்க. 1982-ல எம்.ஜி.ஆர். அதைப் பெருசாக்குனாரு. 2022-ல காத்தால டிபனும் வந்துருச்சு. வாத்தியாரு பெரம்புலதான் நாங்க படிச்சோம்னு சொல்றாங்களே, அதெல்லாம் பெரம்புக்கு எழுதுன மடல். பெரம்பைக் கண்டு ஓடுனவனைச் சோறுதான் திருப்பிக் கூட்டியாந்துச்சு.

உங்காத்தாளுக்கு அந்தச் சோறும் கெடைக்கல. பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல. ஆனா கணக்குல கெட்டிக்காரி. கட்டுத்தறிச் செவுத்துல கரித்துண்டால கோடு போடுவா: முழுக்கோடு ஒரு லிட்டரு, பாதிக்கோடு அரை லிட்டரு. சொசைட்டிக்குப் பால் ஊத்தறதெல்லாம் செவுத்துல ஏறிரும். மாசக் கடைசியில வார பணம் செவுத்துக்கு ஒத்து வராது. "எங்கியோ இடிக்குதுங்க"ம்பா. எங்க இடிக்குதுன்னு சொல்லத் தெரியாது. நானும் "கெவுர்மெண்டு கணக்கு தப்பாகுமா, போ"ன்னுட்டு வயலுக்குப் போயிருவேன்.

தொண்ணூறுகள்ல அறிவொளி இயக்கம் வந்துச்சு. 1991-ல புதுக்கோட்டையில கல்லு ஒடைக்கற பொம்பளைகெல்லாம் எழுத்துப் படிக்கறதோட சைக்கிள் ஓட்டவும் பழகுனாங்கன்னு பேப்பர்ல போட்டாங்க. பொறகு நம்ம பக்கமும் வந்துச்சு. சத்துணவுக் கூடத்துல பொழுதோட டியூப்லைட்டைப் போட்டு, காலேஜுப் புள்ளைக ரெண்டு வந்து சொல்லிக் குடுக்கும். உங்காத்தா மாட்டுக்குத் தண்ணி காட்டிப்போட்டு முந்தானையில கை தொடச்சுக்கிட்டே ஓடுவா. நாங்கெல்லாம் திண்ணையில உக்காந்து கிண்டல் பண்ணுவோம், "கலெக்டரம்மா போறாங்க"ன்னு. அஞ்சாறு மாசம் போயிருக்கும். ஒரு நாள் காத்தால பால் பாஸ்புக்கை விரிச்சு வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தாத் தடவித் தடவிப் படிச்சா. அப்பறம் செவுத்தைப் பாத்தா. அப்பறம் மறுக்கா பாஸ்புக்கு. "ஏனுங், நாம ஊத்துனது மூணரை. இதுல மூணுன்னு போட்டிருக்குது. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை இப்படித்தான் போட்டிருக்குது." வெரலை அங்கயே வெச்சுக்கிட்டா. அந்த வெரலை எடுக்காமயே சொசைட்டி வரைக்கும் நடந்து போனா. அங்க எழுதிட்டிருந்தவரு பி.காம். படிச்சவரு. அவருக்கு வேர்த்துப் போச்சு. அன்னையில இருந்து கலெக்டரம்மான்னு ஆரும் சிரிச்சுச் சொல்றதில்ல.

இனி உன்ற பக்கம் வருவோம். நெளியாதே, உக்காரு.

2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டுல காலேஜு வயசுல இருக்கற 100 பேருக்கு 47 பேரு காலேஜுல சேந்திருக்கறாங்க. நாடு முழுக்க எடுத்தா 28. 1984 வாக்குல எம்.ஜி.ஆர். தனியாருக்கு இஞ்சினீரிங் காலேஜைத் தொறந்து உட்டாரு. அப்பறம் நம்ம பக்கம் மஞ்ச வெளைஞ்ச காடெல்லாம் காலேஜு வெளைஞ்சுது. படிச்சவங்க பெருகிட்டாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா 2024-ல குரூப் 4 பரீட்சைக்கு 6,244 எடம்னு அறிவிச்சாங்க, 20 லட்சத்துக்கு மேல விண்ணப்பம். அதுக்குக் கேக்கற படிப்பு பத்தாங்கிளாஸ். 2019-ல சட்டசபைச் செயலகத்துல கூட்டிப் பெருக்கறதுக்கு 14 எடம், 4,000 பேருக்கு மேல மனுப் போட்டாங்க, அதுல பி.இ., எம்.பி.ஏ. எல்லாம் உண்டு. நீயும் குரூப் 4-க்குத்தான் ராவும் பகலும் படிக்கறே. தப்பில்ல சாமி. ஆனா ஷாஜகான் பட்டத்துக்கு வந்த வருசத்தை என்கிட்ட நீ கேட்டப்போ எனக்கு மெய் சிலிர்த்துப் போச்சு. எழுவது வருசம் சுத்தி, நாலு வருசம் இஞ்சினீரிங் படிச்சு, மறுபடி அதே மனுசன்கிட்டயே வந்து நிக்கறோம் பாரு.

போன தை மாசம் சாளைக் கதவு மாத்துனோமே, ஞாபகம் இருக்குதா? ஆசாரி டேப்பை எடுத்தாரு. டேப்போட முன்மூக்கு ஒடைஞ்சு, பத்து சென்டிமீட்டர் வரைக்கும் காணோம். நீ ஒடனே "டேப்பு போச்சுங், கடைக்குப் போயி புதுசு வாங்கியாரட்டுமா?"ன்னே. ஆசாரி ஒண்ணும் பேசல. நெலவோட ஒரு ஓரத்துல பத்தாவது கோட்டை வெச்சாரு, மறு ஓரத்துல எத்தனைன்னு பாத்தாரு, பத்தைக் கழிச்சாரு, பென்சிலைக் காதுல சொருகிட்டாரு. அவரு அஞ்சாங்கிளாஸ். நீ பைக் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னே.

உன்னைய மட்டும் சொன்னா கோவிச்சுக்குவே. 'அசர்'னு ஒரு கணக்கெடுப்பு 2023-ல 14-ல இருந்து 18 வயசு வரைக்கும் இருக்கற கிராமத்துப் புள்ளைககிட்ட நடத்துனாங்க. தமிழ்நாட்டுல பெரம்பலூருக்குப் போனாங்க. நாடு முழுக்கச் சேத்துப் பாத்தா நாலு பேர்ல ஒருத்தருக்கு, தாய்மொழியில ரெண்டாங்கிளாஸ் பாடத்தைத் தடங்கலில்லாமப் படிக்க வரலே. மூணு எலக்கத்தை ஒரு எலக்கத்தால வகுக்கச் சொன்னா, சரியாப் போட்டவங்க பாதிக்கும் கம்மி. அதையெல்லாம் உடு. ஸ்கேல்ல ஒரு பொருளை வெச்சு அளக்கச் சொன்னாங்க. பூச்சியத்துல வெச்சுக் குடுத்தா 100-க்கு 85 பேரு கிட்டத்தட்டச் சரியாச் சொன்னாங்க. பொருளைச் சித்தெ நகத்தி வேற கோட்டுல வெச்சுக் குடுத்தா 39 பேரு. பொருளும் அதே, ஸ்கேலும் அதே. நகந்தது ரெண்டு வெரக்கடை.

இதுல உங்களைக் குத்தஞ் சொல்லி என்ன புண்ணியம்? எந்தப் பாடத்துல இருந்து எத்தனை மார்க்குக் கேள்வி வரும்னு புளூபிரிண்டே கையில குடுத்துப் படிக்க வெச்சாங்க. வாழ்நாள் முழுக்கப் பூச்சியத்துல வெச்சுக் குடுத்துப்போட்டு, ஒரு நாள் நகத்தி வெச்சுட்டு "பாத்தியா, தெரியல"ன்னு சிரிக்கறது பெரியவங்களுக்கு அழகில்ல. எங்களுக்கும் ஆரும் நகத்திக் காட்டல. ஆசாரிக்குக் கழிக்கச் சொல்லிக் குடுத்தது பள்ளிக்கூடம் இல்ல கண்ணு, ஒடைஞ்ச டேப்பு. புது டேப்பு வாங்கக் காசில்லாத பாக்கியம் அவருக்கு வாய்ச்சுது. உனக்கு அது வாய்க்கக் கூடாதுன்னுதான் உங்கய்யன் மஞ்ச வித்துப் பீஸ் கட்டுனான்.

அப்பறம் அந்தப் போன் கடன். உங்கய்யன்கிட்ட இன்னும் சொல்லல, பயப்படாதே. சத்தம் போடாமக் கேளு.

சித்திரை மாசத்துல ஒரு நாள் என்ற போனுக்கு ஒரு சேதி வந்துச்சு. உன்ற போட்டோ, அதுக்குக் கீழ 'இவன் திருடன், கடன் வாங்கிட்டு ஏமாத்தறான்'னு. எனக்கு மட்டுமில்ல, உங்க மாமனுக்கும், பால்காரனுக்கும், நாம பந்தல் சொல்லியிருந்த ஆளுக்கும்கூட வந்திருந்துச்சு. என்னடான்னு உந்தங்கச்சியைக் கூப்பிட்டு, உன்ற போனை வாங்கிப் பாக்கச் சொன்னேன். அவ திண்ணையில உக்காந்து, அந்த நீள இங்கிலீசைப் பத்தி பத்தியாப் படிச்சு எனக்குத் தமிழ்ல சொன்னா. கடன் 5,000. கையில குடுத்தது 3,500. மீதி 1,500 'பிராசசிங்'. ஏழு நாள்ல 5,000-த்தையும் திருப்பிக் கட்டோணும். போன்ல இருக்கற அத்தனை நம்பரையும் எடுத்துக்கலாம்னு நீயே அனுமதி குடுத்திருக்கறே. எப்படிக் குடுத்தேன்னு கேட்டா, "கீழ வரைக்கும் தள்ளி 'ஐ அக்ரீ'யை அமுக்கிட்டேனுங்கப்பாரு"ன்னே.

எந்த வெரல்ல அமுக்குனே, கண்ணு?

3,500-க்கு ஒரு வாரத்துக்கு 1,500. நூறு ரூவாய்க்கு வாரத்துக்கு 43 ரூவா வட்டி. கந்துவட்டிக்காரன்கூட நம்ம மூஞ்சியைப் பாத்துக் கேக்கக் கூச்சப்படற வட்டி. நீ எம்-த்ரீங்கற கணக்குப் பேப்பரை ரெண்டு அரியர் வெச்சுத் தாண்டுனவன். அதுல என்னமோ பூரியேன்னு இருக்குதாமே, அலையைப் பிரிச்சு அலையா அடுக்கறது. அதெல்லாம் போட்டவனுக்கு, 5,000-ன்னு எழுதி 3,500 குடுத்தா மிச்சம் எங்க போச்சுன்னு கேக்கத் தோணல. எங்கப்பாருக்கு முன்னூறுன்னு படிக்கத் தெரியல. உனக்குப் படிக்கத் தெரியும், படிக்கல. அவரு பூமியை உட்டாரு, நீ மானத்தை உட்டே. மானத்துக்குப் பட்டா கெடையாதுங்கறதால உனக்குக் கொஞ்சம் லாபம்.

இப்படிக் கடன் குடுக்கறவங்க வருசத்துக்கு மொத்த வட்டி எத்தனைன்னு தனித்தாள்ல காட்டோணும், போன் நம்பருங்களைத் தொடக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்கு 2022-லயே சொல்லியிருக்குதாம். அதைத் தேடி எடுத்தது உந்தங்கச்சி. 1930-ங்கற நம்பருக்கு அடிச்சுப் புகார் குடுக்கலாம்னு சொன்னதும் அவதான். பணத்தைக் கட்டுனது நானு, புகாரை எழுதுனது அவ. அந்த வயசுல உங்காத்தாளுக்கு இடுப்புல உங்கய்யன், வயித்துல உங்கத்தை. ஆரு நல்லாப் படிச்சவங்கன்னு என்னையக் கேட்டே பாரு, அந்தத் திண்ணையில போனை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தவளைப் பாத்தாத் தெரியலையா? அவ என்னையவும் உடல. "ஏனுங்கப்பாரு, நீங்க ரெண்டு வருசமா ஏ.டி.எம்.ல பின் நம்பரை ஆரோ ஒருத்தர்கிட்டச் சொல்லித்தான எடுக்கறீங்க?"ன்னா. தொண்டையைச் செருமிப் பாத்தேன். அதுக்கு இ.எஸ்.எல்.சி.யில பதில் இல்ல.

அதனால உனக்கு நானு சொல்றது இத்தினிதான். டீக்கடையில ஆரு அந்தக் காலம்னு ஆரம்பிச்சாலும் "உங்க வகுப்புல எத்தனை பேரு இருந்தாங்க, எத்தனை பேரு முடிச்சாங்க?"ன்னு மட்டும் கேளு, பேச்சு மழைக்கு மாறிரும். காலேஜுல பாஸ்னு உன்ற கூட்டாளி ஆராச்சும் நெஞ்சை நிமுத்துனா, அவன்கிட்ட முன்மூக்கு ஒடைஞ்ச டேப்பைக் குடு. ரெண்டையும் செஞ்சா உனக்குச் சிநேகிதம் கொறையும், படிக்க நேரம் கெடைக்கும்.

அப்பறம், உனக்காக நானு கட்டுன அஞ்சாயிரம். அதைத் தருமக்கணக்குல எழுதிருவேன்னு நெனைச்சயா? வட்டி வேண்டாம், வேலை கெடைச்சதும் குடு. ஆனா நோட்டு எழுதிக் குடுத்துரு. நானே ரெண்டு பக்கத்துக்கு எழுதி, ஸ்டாம்பும் ஒட்டி, அந்த மாடத்துல வெச்சிருக்கேன். என்ற எழுத்து கோழி கிண்டுனாப்பல இருக்கும், பொறுமையா உக்காந்து முழுசாப் படிச்சுப்போட்டுக் கையெழுத்துப் போடு. கடைசிப் பக்கம்னு தள்ளிட்டுப் போயி கீழ போட்டீன்னா, கெணத்து மேட்டுத் தென்னை பதினாறும் உந்தங்கச்சிக்கு. சாட்சிக் கையெழுத்து அவதான் போட்டிருக்கா. படிச்சுட்டுத்தான் போட்டா, சிரிச்சுக்கிட்டே.